தலையால் நடந்தது

காரைக்கால் அம்மையார் தலையால் நடந்ததாக அம்மையார் எங்கும் சொல்லவில்லை. அவருடையவையாக நமக்குக் கிடைத்திருப்பவை 143 பாடல்கள். அற்புதத் திருவந்தாதி 101, இரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த பதிகங்கள் இரண்டிலுமாக 22. இவற்றில் சுடுகாடு இருக்கிறது, பேய்கள் இருக்கின்றன, ஆடுகிறவன் இருக்கிறான், தன்னைக் காரைக்கால் பேய் என்று அழைத்துக்கொள்ளும் ஒரு குரல் இருக்கிறது. மாம்பழம் இல்லை. கப்பலேறிப் போன கணவன் இல்லை. தலைகீழ் நடையும் இல்லை. மூத்த பதிகத்தின் முதல் பாட்டில் வரும் பெண்பேயின் வர்ணனை வற்றிய மார்பில் தொடங்கி, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு என்று இறங்கி, உயர்ந்த பரட்டிலும் நீண்ட கணைக்காலிலும் போய் நிற்கிறது. பரடு என்பது கணுக்காலில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு. அம்மையார் கண்ட பேய் காலூன்றித்தான் நிற்கிறது. அதுவும் கணுக்கால் எலும்பு தெரிய.

அம்மையாரை 6-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பது வழக்கம். சுந்தரர் தம் தொண்டர் பட்டியலில் அவருக்குக் கொடுத்தது ‘பேயார்’ என்ற ஒரே சொல். தலையால் நடந்த செய்தி நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியில் வருகிறது. நம்பி நாலே வரியில் முடித்துவிடுகிறார். இறைவனின் மலையை நான் மிதிக்க மாட்டேன் என்று இரண்டு கால்களையும் மேலே தூக்கித் தலையால் ஏறினார், உமை சிரித்தாள், சிவன் ‘என் அம்மை’ என்றான். பிறகு 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார். அவரிடம் கதை விரிகிறது. புனிதவதி, பரமதத்தன், மாங்கனி, கடல் வணிகம், பாண்டிநாட்டில் இரண்டாவது குடும்பம், கணவனே காலில் விழுவது, அதன்பின் தசைப்பொதியை உதறிப் பேயுரு கொள்வது, கயிலை. சேக்கிழாரிடம் உமை சிரிக்கவில்லை, அதிசயிக்கிறாள். தலையால் நடந்து ஏறும் இந்த எலும்பு உடம்பின் அன்புதான் என்னே என்று கேட்கிறாள்.

இந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம்பியின் உமை பார்த்தது ஓர் உடம்பை. தலைகீழாக வருகிற உடம்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். கழைக்கூத்தாடியைப் பார்க்கும் தெருவுக்கு வருகிற சிரிப்பு, பாதி பயம் கலந்தது. சேக்கிழாரின் உமை பார்த்தது அன்பை. அவள் வாயில் அன்பு என்ற சொல் வந்தவுடன் உடம்பு பின்னுக்குப் போய்விடுகிறது. நம் உரைகாரர்கள், பட்டிமன்றப் பேச்சாளர்கள், பிற்பாடு வந்த பல்கலைக்கழகக்காரர்கள் எல்லோரும் சேக்கிழாரின் உமையோடு நின்றுவிட்டார்கள். காலால் மிதிக்கக் கூடாது என்ற பணிவு, ஆகவே தலை. அவ்வளவுதான் விளக்கம். அண்மைக் காலத்தில் பெண் உடலை முன்வைத்து எழுதுகிறவர்கள், அம்மையார் அழகை உதறியதைப் பற்றிச் சொல்லத் தகுந்தவை பல சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் தலைகீழ் நடையை ஒரு குறியீடாக்கி, உலக ஒழுங்கைத் தலைகீழாக்குவது என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஒரு படிமம் குறியீடாவதற்கு முன்னால் அது படிமமாக இருக்க வேண்டாமா? ஓர் உடம்பு தலையால் நடப்பது என்றால் என்ன? அந்த உடம்புக்கு மேல் எது, கீழ் எது என்று யார் சொல்வது?

நிற்பது என்று நாம் சொல்வது நிற்பதே அல்ல என்பதிலிருந்து தொடங்கலாம். உடம்பின் எடை மையம் கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. ஆகவே நிற்கிற மனிதன் எப்போதும் முன்னால் விழுந்துகொண்டிருக்கிறான். கெண்டைக்கால் தசை அவனை ஓயாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. விழுவதும் பிடிப்பதுமாக ஓர் ஊசலாட்டம். வங்கிக் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்பவர்களைப் பல வருஷம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவரும் அசையாமல் நிற்பதில்லை. எதைக் கொண்டு பிடிக்கிறோம் என்றால் மூன்று நான்கு சாட்சிகளைக் கொண்டு. கண் ஒன்று. காதின் உள்ளே ஒன்று. தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் பதிந்திருக்கும் உணர்வு ஒன்று. உள்ளங்காலின் தோல் ஒன்று. இவற்றில் கண்ணைத் தவிர மற்றவை வேலை செய்வது நமக்குத் தெரியாது. தெரிந்தால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

நம் மரபின் கணக்கில் இது எங்கே வருகிறது? தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. உடம்பால் உணர்வது, நாக்கு, மூக்கு, கண், செவி, பிறகு மனம். நேர்த்தியான ஏணி. அதில் சமநிலைக்கு ஒரு படி இல்லை. மெய் என்ற முதல் படி தொடுகையைக் குறிக்கிறது, வெளியிலிருந்து வந்து படுகிற வெப்பம், குளிர், ஊறு இவற்றை. உடம்பு தன்னையே உணர்வது அதில் அடங்குமா என்று கேட்க உரைகாரர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. ஆனால் கயிற்றின்மேல் ஆடுகிறவர்களைச் சங்கக் கவிதை பார்த்திருக்கிறது. குறுந்தொகை 7-ஆம் பாட்டில், உடன்போக்கில் பாலை நிலம் கடக்கும் இருவரைச் சுற்றி வாகை நெற்று காற்றில் ஒலிக்கிறது, ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறைபோல. கவிஞர் எடுத்துக்கொண்டது பறையை. கயிற்றின்மேல் இருக்கிற காலை அல்ல. (அந்தப் பாட்டில் காலைப் பார்க்காமலும் இல்லை. அவன் காலில் கழல், அவள் அடியில் சிலம்பு. நடக்கப் பழகாத கால்களைப் பற்றிய கவலை பாட்டு முழுக்க இருக்கிறது.)

இன்னும் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைத்தமிழின் பருவங்கள். செங்கீரை என்பது குழந்தை ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம், ஐந்தாம் மாதம். சப்பாணி, உட்கார்ந்து கை கொட்டுவது, ஒன்பதாம் மாதம். வருகை, எழுந்து நடந்து வரும்படி அழைப்பது, ஓராண்டு நிரம்பும் சமயம். முதலில் கழுத்து, பிறகு இடுப்பு, கடைசியில் கால் என்று புவியீர்ப்போடு குழந்தை செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை இந்த இலக்கணம் வரிசை பிசகாமல் பதிவு செய்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் எழுதிய புலவர்களில் பெரும்பாலோர் சந்தத்தில் மயங்கி இதைப் பார்க்கத் தவறினார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த உணர்வுக்கு இடம் கண்டுபிடித்த கதையில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம். 1739-ல் அவர்கள் கைக்கு வந்து 1954 நவம்பர் வரை அவர்களிடம் இருந்த ஊரில் உட்கார்ந்து இதை எழுதுவதால் அது எனக்குச் சற்றுக் கூடுதலாக உறைக்கிறது. 1820-களில் பாரிஸில் ஃப்ளூரன்ஸ் என்ற உடலியலாளர் புறாக்களின் உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். காதுக்குள் மூன்று குழல்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்களில். கிடைக்குழலை வெட்டினால் புறா இடவலமாகத் தலையை ஆட்டிக்கொண்டு சுற்றியது. நிற்கும் குழல்களை வெட்டினால் முன்னாலோ பின்னாலோ குட்டிக்கரணம் போட்டது. காது கேட்பது போகவில்லை. எந்தத் தளத்துக் குழலோ அந்தத் தளத்தில் புறாவின் உலகம் கழன்றுகொண்டது. கையில் இருந்தது என்ன என்பதை ஃப்ளூரன்ஸ் முழுதாகச் சொல்லவில்லை. 1870-களில்தான் மாக், ப்ராயர், க்ரம் ப்ரௌன் என்ற மூவர் தனித்தனியாக, தலை சுழலும்போது குழலுக்குள்ளிருக்கும் நீர் பின்தங்குவதுதான் சுழற்சியை உணர்த்துகிறது என்று வந்து சேர்ந்தார்கள்.

இடையில் 1861. பாரிஸில் செவிட்டு ஊமைகளுக்கான நிறுவனத்தின் தலைமை மருத்துவராக இருந்த ப்ராஸ்பேர் மெனியேர், தலைசுற்றலுக்குக் காரணம் மூளையில் ரத்தம் தேங்குவதல்ல, பல பேருக்கு அது காது என்று அந்த வருஷம் ஜனவரியில் ஒரு கட்டுரை வாசித்தார். அதுவரை தலைசுற்றுகிறவர்களுக்கு ரத்தம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதே 1861 ஜூலையில் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இந்தியக் கூலிகளைப் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்குக் கப்பலேற்ற வழி திறந்தது. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஏறினார்கள், ரீயூனியனுக்கு, குவாதலூப்புக்கு, மார்த்தினீக்குக்கு. நெல்வயலின் வரப்பில் நடந்து பழகிய கால்கள். கப்பலின் கீழ்த்தட்டில் கண் அசையாத பலகையைக் காட்டுகிறது, காது அசைகிறது என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது வருவதுதான் கடல்மயக்கம். இந்த இரண்டு சம்பவங்களுக்கும் காரண காரியத் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் ஒரே தேசத்தின் ஒரே வருஷத்துக் காகிதங்கள்.

வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை 1893-ல் வியன்னாவில் க்ரைடல் செய்தது. அது இறாலைப் பற்றியது என்பதால் கடற்கரைக்காரன் யாருக்கும் பிடிக்கும். இறாலின் உணர்கொம்பு அடியில் ஒரு சிறு குழி. அதற்குள் மணல்துகள்கள் மென்மயிர்களின் மேல் கிடக்கின்றன. எந்தப் பக்கம் மணல் அழுத்துகிறதோ அது கீழ். ஓடு கழற்றும் ஒவ்வொரு முறையும் மணலும் ஓட்டோடு போய்விடும். இறால் கீழேயிருந்து புது மணலை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். க்ரைடல் மணல் இல்லாத தொட்டியில் இரும்புத்தூளைப் போட்டு வைத்தார். இறால் இரும்பை எடுத்து வைத்துக்கொண்டது. பிறகு மேலேயிருந்து ஒரு காந்தத்தைக் காட்டினார். இறால் வயிறு மேலாகக் கவிழ்ந்தது. அதற்குச் சந்தேகமே இல்லை, காந்தம் இருக்கும் பக்கம்தான் தரை.

கயிலையை நோக்கிக் கால்களைத் தூக்கிய எலும்பு உடம்பை எனக்கு முதலில் விளங்க வைத்தது பக்தி நூல் எதுவும் அல்ல, இந்த இறால்தான். தலைகீழ் என்பது பார்க்கிறவர்களின் சொல். உள்ளே இருக்கும் மணலை எது இழுக்கிறதோ அதன்படி நிற்கிற உடம்புக்கு அது நேர்.

நம் காதிலும் அப்படி ஒரு மணல் உண்டு. கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்படிகங்கள், பசைபோன்ற ஒரு படலத்தின்மேல். வயதானால் சிலருக்கு இவை உதிர்ந்து பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழலுக்குள் போய்விடும். என் அம்மாவுக்குப் போயிற்று. படுக்கையில் புரளும்போது, கொடியில் துணி எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது, சில வினாடிகளுக்கு எல்லாம் கழன்றுகொள்ளும். இரண்டு வருஷம் அது பித்தம் என்றார்கள். பிறகு பிரஷர் என்றார்கள். பிறகு ஒரு டாக்டர் தலை நிமிராமல் ‘வயசாயிடுச்சுல்ல’ என்றார். கிணற்றடியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ‘தலை சுத்துதாம்மா’ என்று நான் கேட்டபோதெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். ‘எனக்கு ஒண்ணும் சுத்தலடா, வூடுதான் சுத்துது.’ அது ஏதோ வயதான பேச்சு என்று கேட்டவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அது மிகத் துல்லியமான மருத்துவ வாக்குமூலம். குழலுக்குள் போன படிகம் நீரைத் தள்ளும்போது, அசையாத தலை சுழல்வதாகச் செய்தி போகிறது. கண்கள் அந்தப் பொய்ச் சுழற்சிக்கு ஈடுகொடுக்கத் துடிக்கின்றன. அதனால் சுவர் நகர்கிறது. அவள் நகரவில்லை. அவள் சொன்னதுதான் சரி.

கடைசியில் ஓர் இளம் காது மருத்துவர் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கும்படி படுக்கவைத்தார். உடம்பைவிடத் தலை தாழ்ந்து. அவள் கண்கள் துடிப்பதை அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு தலையை மெல்ல மறுபக்கம் உருட்டி, உடம்பையும் உருட்டி, எழுப்பி உட்கார வைத்தார். சில நிமிஷங்கள். படிகங்கள் குழலைச் சுற்றி வந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. படுக்கவைத்துப் பார்க்கும் சோதனையை டிக்ஸும் ஹால்பைக்கும் 1952-ல் விவரித்தார்கள். படிகங்களைத் திருப்பி அனுப்பும் முறையை எப்லி 1992-ல் எழுதினார். மருந்து கிடையாது, கருவி கிடையாது, தலையைத் தாழ்த்தத் தெரிந்தால் போதும். அது தெரிந்த ஒருவரிடம் வந்து சேர இரண்டு வருஷமும் ஒரு மணிக்கட்டும் ஆயிற்று.

‘வூடுதான் சுத்துது’ என்ற வாக்கியத்தோடு அற்புதத் திருவந்தாதிக்குத் திரும்பினால் அங்கே ஒரு வெண்பா காத்திருக்கிறது. 77-ஆம் பாட்டு. நீ அடியை மாற்றி வைத்தால் கீழுலகம் இடம் பெயரும், முடி அசைந்தால் வானத்து முகடு அசையும், வளையணிந்த கைகள் வீசினால் திசைகள் நகரும், பார்த்து ஆடு, மேடை தாங்காது என்கிறார் அம்மையார். இதைப் பிரபஞ்ச நடனம், அண்ட தத்துவம் என்று பெரிய வார்த்தைகளில் கட்டிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் கேட்பது மேடையைப் பற்றிய கவலை. ஆடுகிறவனுக்கு ஊன்ற ஒரு தரை வேண்டும், தரையோ அவன் ஊன்றினால் நகர்கிறது. சாதாரண உடம்பு ஆடும்போது உலகம் நிலையாக நின்று அளவுகோலாகிறது. இங்கே ஆடுகிற உடம்பு நிலை, உலகம் சுற்றுகிறது. அம்மா சொன்னதை அம்மை பாடியிருக்கிறார். நோயையும் தரிசனத்தையும் ஒன்றாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஞானிகளுக்கெல்லாம் வலிப்பு என்று எழுதித் தீர்த்துவிடும் சுலபமான மேல்நாட்டுப் பழக்கம் ஒன்று உண்டு, அது எனக்கு உவப்பில்லை. சொல்வது இவ்வளவுதான்: தரை நகரும் என்பதை ஒரு கவிக்கு உடம்பு முன்பே சொல்லியிருக்க வேண்டும். கேள்வியறிவில் அந்த ‘பார்த்து ஆடு’ வராது.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு வில்லியம் ஜேம்ஸ் என்றால் நனவோடை. அவர் 1882-ல் செவிட்டு ஊமைகளின் தலைசுற்றல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சுழலவைத்துக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்களுக்குத் தலையே சுற்றவில்லை. உள்காது பழுதானவர்களுக்குச் சுழற்சி என்ற அனுபவமே இல்லை. அவர்களில் சிலருக்கு நீருக்கடியில் முங்கினால் மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. நனவு ஓடையாக ஓடுகிறது என்று சொன்னவர், அந்த ஓடைக்குக் கரை காதுக்குள் இருக்கிறது என்பதை எட்டு வருஷம் முன்பே பார்த்திருக்கிறார். (நனவோடை என்ற சொல்லை நிலைநிறுத்திய அவர் புத்தகம் 1890.)

தசைகளின் பங்கை 1826-ல் சார்ல்ஸ் பெல் சொன்னார். மூளையிலிருந்து தசைக்கு ஆணை போவதுபோல், தசையிலிருந்து மூளைக்குத் தன் நிலை பற்றிய செய்தி வருகிறது, இரண்டும் சேர்ந்து ஒரு வட்டம். 1906-ல் ஷெரிங்டன் அதற்குப் ‘புரொப்ரியோசெப்ஷன்’ என்று பேர் வைத்தார். லத்தீனில் புரொப்ரியஸ் என்றால் தனக்கே உரியது. தன்னுடையதைத் தான் உணர்தல். ஷெரிங்டன் கவிதையும் எழுதினார், 1925-ல் ஒரு தொகுதி வந்திருக்கிறது. கவிதை சுமார்தான். சொல் வைத்ததில் கவி. இந்த உணர்வுக்கு மூலக்கூறு அளவில் வாயிற்படி எது என்பது 2010-க்குப் பிறகுதான் தெரிந்தது. அழுத்தத்தால் திறக்கும் ‘பியெஸோ’ புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக ஆர்டெம் படபூஷியனுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இது போய்விட்டால் என்ன ஆகும்? 1971-ல் 19 வயது இளைஞன் ஒருவனுக்கு ஒரு நோய்க்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் தசையுணர்வும் அடியோடு போயின. தசைகளில் பலம் இருந்தது. கை எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். வருஷக்கணக்கில் பழகி, ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்து, நடக்கக் கற்றுக்கொண்டான். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவான். இதேபோன்ற ஒரு பெண்ணைப் பற்றி ஆலிவர் சாக்ஸ் 1985-ல் வந்த தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். உடம்பு தன்னைத் தானே பார்க்க முடியாத குருடாகிவிட்டதுபோல் அவள் உணர்ந்ததாக. தன் உடம்பு தன்னுடையது என்ற நிச்சயம் நமக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தத்துவக்காரர்களிடமிருந்து பிடுங்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தார் சாக்ஸ்.

இப்போது சேக்கிழார் சொல்வதைத் திரும்பப் படிக்கிறேன். கணவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துவிடு என்று கேட்கிறார் அம்மையார். தசை உதிர்கிறது. எலும்பு உடம்பு மிஞ்சுகிறது. அழகு போயிற்று என்றே இதுவரை எல்லோரும் வாசித்தோம். தசையோடு போனது அழகு மட்டுமல்ல. தனக்கே உரியது என்ற உணர்வு குடியிருப்பது தசையில். கணவன் இன்னொரு பெண்ணோடு வாழ்ந்து, பெற்ற மகளுக்குப் புனிதவதி என்று பேரிட்டு, தன் காலில் குடும்பத்தோடு விழுந்த பிறகு, அவள் பேரும் அவளுடையதாக இல்லை, உடம்பும் இல்லை. ‘எனது’ என்பதை உடம்பிலிருந்து உரிப்பதென்றால் உரிக்க வேண்டிய இடம் தசை. சேக்கிழாருக்கு ஷெரிங்டனைத் தெரியாது. அவருக்கு அமைந்தது சொல். ஆனால் சரியான இடத்தில் அமைந்தது.

பிறகு மிச்சம் இருப்பது எலும்பு. உள்காதின் குழல்கள் செதுக்கப்பட்டிருப்பது பொட்டெலும்பின் உட்பகுதியில், மனித உடம்பில் மிக அடர்ந்த எலும்பு அது. (அதற்குள்ளும் உணர்வது எலும்பல்ல, நீரும் மயிரிழைகளும்தான் என்று மருத்துவர் நண்பர் ஆட்சேபித்தார். ஒப்புக்கொண்டேன். பேயுக்கு அவ்வளவு சலுகை தரலாம் என்றேன்.) அந்த எலும்பைத் தரைக்குக் கொண்டுவருகிறார். நிற்கும்போது தலை ஊசலின் மேல் நுனி. உடம்பின் ஒவ்வொரு அசைவும் அங்கே அதிகமாகிறது, காது எப்போதும் அலைச்சலில் இருக்கிறது. தலை தரையில் ஊன்றினால் காது ஊசலின் அச்சுக்கு வந்துவிடுகிறது. ஆடுவது கால்கள், காது கிட்டத்தட்ட அசைவற்றது. காதிலேயே மண் படுகிறது. ஆடுகிறவனின் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்று கேட்கப்போகிறவருக்குக் காது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

நடையைப் பற்றி நம்பியோ சேக்கிழாரோ மேலதிகம் சொல்லவில்லை. கை ஊன்றினாரா என்பதுகூட இல்லை. படங்களில் பெரும்பாலும் கைகளை ஊன்றி நடப்பதாகவே வரைகிறார்கள். ஓவியனுக்கு நம்பும்படி வரைய வேண்டிய கஷ்டம். சிரசாசனம் நிற்கிறவர்களுக்குத் தெரியும், கழுத்தின் மண்டையோட்டு அடித் தசைகள்தான் அங்கே கணுக்காலின் வேலையைச் செய்கின்றன. நிலையை உணரும் நுண்கதிர்கள் உடம்பிலேயே மிக நெருக்கமாக இருக்கும் தசைகளும் அவையே. (காரைக்கால் இந்தியாவோடு வந்து சேர்ந்த 1954-ல் பிரதமராக இருந்தவர் சிரசாசனப் பிரியர். சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார்.)

1956-ல் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் அம்மையாரின் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. முன்னுரை எழுதிய ழான் ஃபிலியோஸா மருத்துவம் படித்தவர். இந்திய மருத்துவ மரபின் கோட்பாடுகள் பற்றி அவர் நூல் 1949-ல் வந்தது. ஓர் ஊரை விட்டுப் போன கையோடு அந்த ஊரின் பேயை எடுத்துப் படித்த ஆட்சியாளர்கள் அபூர்வம். அந்த ஊரின் தமிழ் வாசகர்களிடம் அந்தப் பதிப்பு வந்து சேர்ந்ததா என்றால், நான் பேசிய அளவில் ஒருவரும் அதைக் கையில் பிடித்திருக்கவில்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் தெருவில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுகிறார்கள். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் அண்ணாந்து, பின்னால் அடி வைத்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பிடிக்கிறார்கள். நகரும் பழத்தின்மேல் கண், நெரியும் கூட்டத்தில் கால், அண்ணாந்த தலையில் காதின் மணல் பின்னால் சரிய. அம்மையாரைப் பற்றிக் காரைக்காலுக்கு உள்ள அறிவு அந்தக் கழுத்துகளில் இருக்கிறது, நம் கட்டுரைகளில் இல்லை.

சேக்கிழார் தலைநடையை ஒருமுறையோடு விடவில்லை. ஆலங்காட்டுக்குள்ளும் அம்மையார் தலையால்தான் நுழைகிறார். பின்னால் ஞானசம்பந்தர் அந்த ஊருக்கு வரும்போது, அம்மை தலையால் நடந்த மண்ணில் கால் வைக்க அஞ்சி வெளியிலேயே தங்குகிறார். ஒருத்தியின் தலை பட்ட இடம் இன்னொருவரின் உள்ளங்காலைக் கூச வைக்கிறது. உள்ளங்காலுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த கட்டம் பெரியபுராணத்தில் இன்னொன்று இருப்பதாக எனக்கு நினைவில்லை. ஆலங்காட்டில் ஆடப்படுவது ஊர்த்துவ தாண்டவம் என்பது தல மரபு. ஒரு கால் தரையில், மற்றது நேர் மேலே தலைக்கு மேல். தலைகீழாக வந்தவரின் முன்னால், ஒரு காலை மட்டும் தலைகீழாக்கிக்கொண்டு ஆடுகிறவன். அந்த ஆட்டத்தின் கீழே அவர் நின்றதாகச் சிற்பிகள் செய்யவில்லை. கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடல்வல்லானின் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க அவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கும் 13-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலச் செப்புத்திருமேனியிலும் அப்படித்தான், வற்றிய உடம்பும் தொங்கிய மார்புமாக. இரண்டு கையிலும் தாளம் இருக்கிறது, தரையில் ஊன்றக் கை மிச்சமில்லை.